ஒரு விசிலுக்குத்தான் மூச்சு

பஸ்ஸுல ஏறுற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தான், இருந்தாலும் சொல்லிடறேன். ஒரு விசில்னா நிறுத்து. ரெண்டு விசில்னா போ. கண்டக்டர் வேலையில இதுக்கு மேல பெரிய சாஸ்திரம் எதுவும் இல்ல. சில்லறைக்குச் சண்டை போடத் தெரியணும், படியில தொங்குறவனைத் திட்டத் தெரியணும், அவ்வளவுதான். கடலூர்ல இருந்து சிதம்பரம் போற ஒரு பிரைவேட் பஸ்ஸுல பதினோரு வருஷமா நான் அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். ரெண்டாயிரத்து ஏழாம் வருஷம் சித்திரை மாசம், ஒரு நாள் காலையில ஆலப்பாக்கத்துல ஆளை ஏத்திட்டு விசிலை வாயில வச்சேன். ஒண்ணு வந்துச்சு. ரெண்டாவது வரல.

வண்டி நிக்குது. ஓட்டுறவரு என் மச்சான், அதாவது என் பொண்டாட்டிக்கு அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்தவரும் அவருதான். அவரு கண்ணாடியில என்னைப் பாக்குறாரு. பாவம், அவரும் என்ன பண்ணுவாரு? ஏற்கெனவே நிக்கிற வண்டியை நிறுத்துன்னு சொன்னா அதுக்கு மேல எப்படி நிறுத்துறது? நான் கம்பியைப் புடிச்சிக்கிட்டு, கரையில போட்ட கெண்டை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடறேன். கடைசி சீட்டுல இருந்து யாரோ "போலாம் ரைட்"னு கத்துனாங்க. வண்டி கிளம்புச்சு.

அது எப்படி இருக்கும்னு நிறைய பேருக்குச் சொல்லிச் சலிச்சிட்டேன். கொட்டாவி வர்ற மாதிரி வந்து வராம நின்னுடும் பாருங்க, அந்த மாதிரி. மூச்சு உள்ள போகும், ஆனா அடிவரைக்கும் போகாது. பாதியில நின்னுடும். ஓடியிருந்தாலாவது சரி, மாடி ஏறியிருந்தாலாவது சரி. சும்மா டிக்கெட் கிழிச்சிக்கிட்டு நிக்கும்போது வரும். பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்ல. நெஞ்சு வலியும் இல்ல. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது, மாமியார் வூட்டு விருந்தாளி மாதிரி அது இஷ்டத்துக்கு வந்து உக்காந்துக்கும்.

விஷயம் வெளிய தெரிஞ்சிச்சோ இல்லியோ, ஊர்ல இருக்குற அத்தனை பேரும் டாக்டராயிட்டாங்க. ஒருத்தன் தூதுவளைன்னான். ஒருத்தன் ஆடாதோடைன்னான். மங்கலம்பேட்டைப் பக்கம் ஒருத்தரு வேர் குடுக்கறாருன்னு கேட்டு லீவு போட்டுட்டுப் போனேன். அவரு வேரைக் குடுத்துட்டு, வெறும் வயித்துல தின்னுட்டு ஒரு மணி நேரம் பேசாம இருக்கணும்னாரு. பேசாம இருக்குற கண்டக்டரை எவனாவது பாத்திருக்கீங்களா? என் பொண்டாட்டி திருவந்திபுரத்துக்கு மொட்டைன்னு வேண்டிக்கிட்டா. என் தலையை என்னைக் கேக்காமலே வேண்டிக்கிட்டா. மூச்சு போறது நெஞ்சுல, முடியை எதுக்கு எடுக்கணும்னு கேட்டேன். "சாமிகிட்ட போய் லா பாயிண்ட் பேசாத"ன்னு சொல்லிட்டா. மொட்டை அடிச்சாச்சு. மலைப்படி ஏறச் சொன்னா, பாதியில உக்காந்துட்டேன். மீதிப் படியை அவளே எனக்காக ஏறிட்டு வந்தா.

அப்பறம் ஆஸ்பத்திரி. கடலூர்ல ரெண்டு டாக்டர். ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி, நெஞ்சை ஸ்கேன் பண்ணுற டிவிப்பெட்டி. எல்லாம் நார்மல். கடைசியில ஒரு குழாயைக் குடுத்து ஊதச் சொன்னாங்க. சின்ன வயசுப் பொண்ணு ஒண்ணு பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும் இன்னும்"னு என்னை வெரட்டுது. நானும் ஊதுனேன். என்னா கொடுமைன்னு கேளுங்க, அன்னைக்கு மட்டும் மூச்சு சமத்தா வந்துச்சு. வண்டியில கடகடன்னு சத்தம் வருதுன்னு ஷெட்டுக்குக் கொண்டு போனா, மெக்கானிக் மூஞ்சியைப் பாத்ததும் சத்தம் நின்னுடும். அதே கதைதான். ரிப்போர்ட்டுல நார்மல்னு அடிச்சிக் குடுத்துட்டாங்க. டாக்டரு மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு, "டென்ஷன் ஜாஸ்தியா?"ன்னாரு. அதுவரைக்கும் இல்லீங்க, இப்பதான் வந்துச்சுன்னேன்.

சிரிச்சிக்கிட்டே சொல்றேன், ஆனா அன்னைக்கு வூட்டுக்கு வந்து அழுதேன். ஏதாவது ஒரு நோவு இருக்குன்னு சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். பேரு இருந்தா மாத்திரை இருக்கும், மாத்திரை இருந்தா பொண்டாட்டி புள்ளைங்க நம்புவாங்க. ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா அப்பறம் நான் நடிக்கிறேன்னுதானே அர்த்தம்? என் சொந்த அண்ணனே, "வேலைக்குப் போக ஒடம்பு வணங்கல, அதான்"னு சொன்னான்னு காதுல விழுந்துச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எனக்கு நோவை விட பயம் எங்க மொதலாளி மேலதான். அவரே ஒரு காலத்துல கண்டக்டரா இருந்தவரு, அதனால ஏமாத்த முடியாது. எங்களுக்கு முன்னாடி இருந்த ஒரு டிரைவருக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே சாவியை வாங்கிக்கிட்டு அனுப்புன ஆளு. தப்புன்னு சொல்ல முடியாது, அம்பது உசுரு ஏறுற வண்டி. ஆனா எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. நாப்பத்தி மூணு வயசு. கண்டக்டர் வேலையைத் தவிர வேற எதுவும் தெரியாது. விசில் ஊத முடியாத கண்டக்டரை எவன் வச்சிக்குவான்?

மச்சான்கிட்ட மட்டும் சொன்னேன். அவரு டீயைக் குடிச்சிக்கிட்டே யோசிச்சாரு. "மொதலாளிகிட்ட மூச்சு விடாத மாப்ள"ன்னாரு. விடுறதுக்கு இருந்தாத்தானே மச்சான் விடுறதுன்னேன். அவரு சிரிக்கல. அப்பறம் ஒரு திட்டம் போட்டாரு. ஸ்டாப்பிங் எல்லாம் அவருக்கு மனப்பாடம், அங்கங்க அவரே நிறுத்திடுவாரு, அதுக்கு விசில் வேணாம். எல்லாரும் ஏறி இறங்கினதும் நான் ஒரே ஒரு விசில் குடுத்தா போதும், அதான் ரைட்டு. அவசரமா நிறுத்தணும்னா வண்டித் தகரத்துல கையால தட்டணும். என்னா மூளை பாருங்க. ஊரு உலகத்துல எல்லா பஸ்ஸும் ஒரு விசிலுக்கு நிக்கும், எங்க பஸ் மட்டும் ஒரு விசிலுக்குப் போகும்.

மூணு மாசம் ஜோரா ஓடுச்சு. பயணிங்க யாரும் கவனிக்கல. ஜனங்க விசிலை எண்ணிக்கிட்டா உக்காந்திருக்காங்க? நானும், எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சிக்கிட்டேன்.

முதுநகர்ல தினமும் ஒரு மீன்காரம்மா ஏறும். அன்னக்கூடை நிறைய மீனு, வாய் நிறைய வெத்தலை. நாப்பது வயசு இருக்கும். புவனகிரியில எறங்கி தெருத்தெருவா விக்கும். வாயைத் திறந்தா காதைப் பொத்திக்கணும், அப்பிடிப் பேசும். கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவியான்னு மொத நாளே அது கேட்ட கேள்வியில, ஆயுசுக்கும் நான் போடல. அன்னைக்கும் புவனகிரியில பின்வழியா எறங்குச்சு. கூடையை எறக்கி வச்சிச்சு, கால் தரையில பட்டுச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பி ஒருத்தருக்கு டிக்கெட் குடுத்துக்கிட்டே ஒரு விசில் குடுத்தேன். வண்டி நகந்துச்சு.

திரும்பிப் பாக்குறேன், அதோட முந்தானை கதவுக் கொக்கியில மாட்டிக்கிட்டிருக்குது. அது வண்டிகூடவே ஓடியாருது.

கையால தட்டணும்னு எனக்கு நெனப்பே வரல. பதினோரு வருஷத்துப் பழக்கம் வாய்க்கு வந்துடுச்சு. நிறுத்துன்னு ஒரு விசில் ஊதினேன். மச்சானுக்கு அது "போ"ன்னு கேக்குது, செகண்ட் கியரைப் போட்டாரு. ஐயோன்னு இருந்த மூச்சையெல்லாம் சேத்து இன்னொண்ணு ஊதினேன். இன்னா அவசரம் மாப்ளைக்குன்னு நெனச்சிக்கிட்டு அவரு இன்னும் மிதிக்கிறாரு. நான் ஊத ஊத வண்டி வேகமாப் போகுது. சேலை கிழிஞ்சி அந்தம்மா ரோட்டுல விழுந்துச்சு. வண்டியில இருந்த பொம்பளைங்க எல்லாம் கத்தித் தகரத்தைத் தட்டினப்பறம்தான் மச்சான் பிரேக் அடிச்சாரு.

நான் எறங்கி ஓடினேன். பத்தடிதான். அதுக்குள்ள மூச்சு அடைச்சிக்கிச்சு, அப்பிடியே ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டேன். கூட்டம் கூடிடுச்சு. "கண்டக்டரை அடிங்கடா." "நடிக்கிறான்யா, நாடகம் போடறான்." எவனோ என் சட்டைக் காலரைப் புடிச்சான். மீன்காரம்மா முட்டி தேஞ்சி ரத்தத்தோட, கிழிஞ்ச சேலையை ஒரு கையில புடிச்சிக்கிட்டு, என்னைக் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே வந்துச்சு. அறையறதுக்குக் கையை ஓங்கிச்சு. ஓங்குன கை அப்பிடியே நின்னுச்சு. என் மூஞ்சியைப் பாத்துச்சு.

"யோவ், தள்ளுங்கய்யா! இவனுக்கு மூச்சு வரலய்யா! அடிக்கிறதை அப்பறமா அடிச்சிக்கலாம், காத்து வுடுங்க!"

என் பக்கத்துலயே ரோட்டுல உக்காந்துச்சு. மீன் கையாலயே என் சட்டைப் பட்டனை அவுத்துச்சு, முதுகைப் புடிச்சி முன்னாடி சாய்ச்சிச்சு. "மெதுவா. வரும். நான் எங்கயும் போவல"ன்னுச்சு. அதுவரைக்கும் யாரும் என்கிட்ட அப்பிடிச் சொன்னதில்ல. எல்லாரும் மருந்துதான் சொன்னாங்க. என்னால செத்திருக்க வேண்டிய பொம்பளை என் முதுகைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்குது. எனக்கு வெக்கமா இருந்துச்சு, செத்துடலாம் போல இருந்துச்சு. அழுதுட்டேன். மூச்சு வராதப்ப அழுவறது மாதிரி கேவலம் வேற இல்ல, அதுவும் ஒழுங்கா வராது.

மூச்சு வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். கூட்டத்துக்கு எதிர்லயே. ஒரு விசிலு, ரெண்டு விசிலு, நார்மல் ரிப்போர்ட்டு, மொதலாளி, எல்லாத்தையும். மச்சான் தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னாரு. மீன்காரம்மா கேட்டுட்டு, "ரெண்டு ஆம்பளைங்களும் சேந்து இவ்ளோ பெரிய முட்டாத்தனத்தை எப்பிடிய்யா யோசிச்சீங்க"ன்னுச்சு. முட்டிக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறோம்னு எவ்வளவோ கெஞ்சினோம். மொதல்ல என் மீனைப் பொறுக்குங்கடான்னுச்சு. பொறுக்கினோம்.

மறுநாள் காலையில முதுநகர்ல முட்டியில கட்டோட ஏறுச்சு. ஏறினதும் என் முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சிச்சு. "நேத்து அடிக்காம வுட்டது"ன்னுச்சு. அப்பறம் கையை நீட்டி, "விசிலைக் குடு"ன்னுச்சு.

அன்னையில இருந்து பழைய சட்டமே திரும்ப வந்துச்சு, ஒண்ணு நிறுத்து, ரெண்டு போ. ஊதுற ஆளுதான் வேற. நான் டிக்கெட் போட்டுக்கிட்டே கையைக் காட்டுவேன், புவனகிரி வரைக்கும் மீன்காரம்மா ஊதும். அது ஊதினா வண்டி மட்டும் இல்ல, எதிர்ல வர்ற லாரியும் நிக்கும். புவனகிரியில இருந்து சிதம்பரம் வரைக்கும் ஒரு ஸ்கூல் டீச்சரம்மா. அந்தம்மா, வெத்தலை எச்சில் பட்ட விசிலை நான் வாயில வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு, அவங்க ஸ்கூல்ல பி.டி. வாத்தியார் வச்சிருந்த விசிலை வாங்கிட்டு வந்துட்டாங்க. திரும்பி வரும்போது யாரு கெடைக்கிறாங்களோ அவங்க. எனக்கு முடியற அன்னைக்கு நானே ஊதுவேன். முடியலன்னா முடியலன்னு சொல்லுவேன். அதைச் சொல்றதுக்கே எனக்கு நாலு மாசம் ஆயிருக்குது பாருங்க.

அந்த டீச்சரம்மாதான் சிதம்பரத்துல ஒரு லேடி டாக்டரைச் சொன்னாங்க. நான் போக மாட்டேன்னேன். இன்னொரு தடவ நார்மல்னு கேக்க எனக்குத் தெம்பு இல்ல. என் பொண்டாட்டி கையைப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போனா. அந்த டாக்டரு என் ஃபைலை ஒவ்வொரு பேப்பரா பொறுமையாப் பாத்தாங்க. பாத்து முடிச்சிட்டு, "ஏன் வருதுன்னு எனக்குத் தெரியலங்க"ன்னாங்க. நான் நிமிந்து பாத்தேன். "ஆனா உங்களுக்கு மூச்சு முட்டுறது நிஜம். பொய் இல்ல. மாசம் ஒரு தடவ வாங்க, சேந்து பாப்போம்."

தெரியலன்னு ஒரு டாக்டரு சொல்லி ஒருத்தன் சந்தோஷப்பட்டான்னா அது நானாத்தான் இருக்கணும். என் பொண்டாட்டி வெளிய வந்ததும், "நிஜமாத்தான் முட்டுதா ஒனக்கு?"ன்னு கேட்டா. இத்தனை நாள் மொட்டை அடிச்சி, படி ஏறி, எல்லாம் பண்ணிட்டு அப்பதான் கேட்டா. ஆமாண்டின்னேன். கடலூர் வர்ற வரைக்கும் என் கையை விடல. அந்த டாக்டரு சொல்லிக் குடுத்தது பெருசா ஒண்ணும் இல்ல. முட்டும்போது உள்ள இழுக்கப் போராடாதீங்க, உதட்டைக் குவிச்சி மெதுவா வெளிய விடுங்க, பயந்தா அது இன்னும் ஜாஸ்தியாகும், முன்னாடி சாஞ்சி உக்காருங்க. அதைத்தான் மீன்காரம்மா படிக்காமலே பண்ணுச்சு. நோவு போவல. ஆனா அது வந்தா என்ன பண்றதுன்னு தெரிஞ்சிச்சு, பாதி பயம் போயிடுச்சு.

மீதிப் பாதி மொதலாளி ரூபத்துல வந்துச்சு. ஐப்பசி மாசம் ஒரு நாள் காலையில, சொல்லாம கொள்ளாம கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஏறி முன் சீட்டுல உக்காந்துட்டாரு. அன்னைக்குன்னு பாத்து மூச்சும் மக்கர். முதுநகர்ல மீன்காரம்மா ஏறுச்சு. நான் கண்ணைக் காட்டறேன், வேணாம் வேணாம்னு தலையை ஆட்டறேன். அதுக்கு எங்க புரியுது, வழக்கம் போல ரெண்டு விசிலை ஊதித் தள்ளுச்சு. மொதலாளி திரும்பிப் பாத்தாரு. புதுச்சத்திரம், முட்லூர், ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் திரும்பிப் பாத்தாரு. புவனகிரியில வண்டி நின்னதும் எழுந்து பின்னாடி வந்தாரு.

"ஏன்யா அந்தம்மா ஊதுது?"

பொய் சொல்லியிருக்கலாம். தொண்டை கட்டிக்கிச்சு, பல்லு வலி, எவ்வளவோ இருக்குது. ஆனா ஒரு தடவ பொய் சொல்லி ஒரு உசுரு போகப் பாத்துச்சு. "எனக்கு மூச்சு வர்றதில்ல மொதலாளி. ஏன்னு டாக்டருக்கும் தெரியல. ஆறேழு மாசமா இப்பிடித்தான்"னு சொல்லிட்டேன்.

அவரு கத்தல. கத்தியிருந்தா தேவலை. கையை நீட்டி என் தோள்ல இருந்த பையைக் கழட்டினாரு. "வூட்டுக்குப் போய் ஒடம்பைப் பாரு"ன்னாரு. நான் பின்வழியா எறங்கி ரோட்டுல நின்னேன். ரெண்டு புள்ளைங்க மூஞ்சிதான் முன்னாடி வந்துச்சு.

மொதலாளி தன் சட்டைப் பையில இன்னும் வச்சிருந்த விசிலை எடுத்து ரெண்டு ஊதினாரு. பழைய ஆளு, கணீர்னு வந்துச்சு. வண்டி நகரல. காது கேக்கலையோன்னு திரும்ப ரெண்டு ஊதினாரு. மச்சான் என்ஜினையே ஆஃப் பண்ணிட்டாரு.

"இன்னாய்யா?"

"கண்டக்டர் ஏறலீங்க."

"நான்தான விசில் குடுத்தேன்?"

"நீங்க மொதலாளிங்க. கண்டக்டரு கீழ நிக்கிறாரு. அவரு ஏறாம நான் எப்பிடி எடுக்கறது?"

என் மச்சான் சண்டைக்காரரு இல்ல. பொண்டாட்டிக்கே பயப்படுற ஆளு. அவரு திரும்பிக்கூடப் பாக்கல, ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வச்சிக்கிட்டு நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்காரு. மீன்காரம்மா எறங்கி கூடையைத் தலையில வச்சிருந்துச்சு. ஒரு நிமிஷம் பாத்துச்சு. அப்பறம் திரும்ப வண்டியில ஏறி, கூடையை எறக்கி வச்சிட்டு சீட்டுல உக்காந்துடுச்சு. சிதம்பரத்துல அதுக்கு ஒரு வேலையும் கெடையாது.

பின்னாடி எங்க போட்டி வண்டி வந்து நின்னுச்சு. அந்தக் கண்டக்டரு "சிதம்பரம் சிதம்பரம்"னு எங்க ஜன்னலைப் பாத்தே கூவுறான். எங்க வண்டியில கோர்ட்டுக்குப் போறவங்க, பரீட்சைக்குப் போறவங்க, ஸ்கூல் பெல்லுக்கு ஓடுற டீச்சரம்மா எல்லாரும் இருந்தாங்க. ஒருத்தரும் எறங்கல. பாதிப் பேரு தூக்கத்துல இருந்தானுவ, அதான் எறங்கலன்னு மீன்காரம்மா பின்னால சொல்லும். இருக்கலாம். போட்டி வண்டி எங்களைத் தாண்டிப் போயிடுச்சு.

மொதலாளி வாட்சைப் பாத்தாரு. மச்சான் முதுகைப் பாத்தாரு. உள்ள உக்காந்திருந்த ஜனத்தைப் பாத்தாரு. பையைத் தூக்கி என்கிட்ட நீட்டினாரு. "ஏறித் தொலை"ன்னாரு.

படியில ஒரு கால் வச்சேன். வச்சதும் மூச்சு நின்னுடுச்சு. கம்பியைப் புடிச்சிக்கிட்டு, உதட்டைக் குவிச்சி, தலையைக் குனிஞ்சிக்கிட்டு நிக்கிறேன். ஒரு நிமிஷம் தாமதம்னா டிரைவரைத் திட்டுற ஜனம் அது. ஒரு நிமிஷத்துக்கு அடிதடி நடக்கிற ரூட்டு அது. நான் எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்குத் தெரியாது. சீக்கிரம்னு ஒருத்தரும் சொல்லல. கடைசியில மொதலாளிதான் குனிஞ்சி என் கக்கத்துல கையைக் குடுத்து, "மெதுவாவே ஏறுய்யா, போவலாம்"னாரு. பதினோரு வருஷமா நான் எவ்வளவோ பேரை ஏத்தி எறக்கியிருக்கேன். எனக்காக ஒரு பஸ்ஸு நின்னது அன்னைக்குத்தான்.